வாய் திறக்காத மர்வோத்தோ

மதியம் வேனை வாசலில் நிறுத்தி இறங்கும்போதே மர்வோத்தோவுக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்துவிட்டது. எப்போதும் வரும் வலிதான். ஆனால் இன்று தாடை வரை ஏறியது. உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

முகத்தைப் பார்த்ததுமே அவர் மனைவி சுரத்மி அடுப்பை அணைத்துவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள். அதற்குள் பக்கத்து வீட்டு ஜுமாடி ஒரு கையில் நாணயமும் மறு கையில் தைலமுமாக நுழைந்துவிட்டார். முதுகில் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் சிவக்கச் சிவக்கச் சுரண்டினால் உள்ளே புகுந்த காற்று வெளியேறிவிடும் என்பது சலாத்திகா ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம்.

"சட்டையக் கழட்டுங்க மாஸ். காத்துதான் இது."

"காத்துமில்ல, மழையுமில்ல பாக் ஜுமாடி. இது இதயம்," என்றுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள் சுரத்மி. "மாஸ், நாக்கத் தூக்குங்க."

மர்வோத்தோ வாயை இறுக மூடிக்கொண்டார்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையின் அருமை அவருக்குத் தெரியும். விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பங்கை அழித்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தாலோ அங்குள்ள மெல்லிய தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கும். ரத்தக் குழாய்கள் தளரும், ரத்தம் கொஞ்சம் கால் பக்கம் தங்கும், இதயம் தள்ள வேண்டிய சுமை குறையும். வலி விட்டுவிடும். எத்தனையோ தடவை விட்டிருக்கிறது.

ஆனால் நேற்று சாயங்காலம் பஸ் நிலையத்துக் கடையில், ஆண்களுக்கான ஜாமு என்ற மூலிகைப் பொடியை முட்டையும் தேனும் சேர்த்துக் குடித்திருந்தார்.

மாத்திரை வாங்கிய அன்றே மருந்துக்கடை வெனிங் கேட்டாள், "ஜாமு குடிப்பீங்களா பாக்? அந்த மாதிரி ஜாமு?" பக்கத்தில் சுரத்மி நின்றாள். "எனக்கெதுக்கு அதெல்லாம்," என்றுவிட்டார். வெனிங் விடவில்லை. "சில பொடில வீரிய மாத்திரையவே அரைச்சுக் கலந்துடறாங்க. பொட்டலத்துல இஞ்சி, மிளகுன்னுதான் போட்டிருக்கும். அதுவும் குழாயத் தளர்த்தும், இதுவும் தளர்த்தும். வீட்ல கீழ இருக்கற ரெண்டு குழாயையும் முழுசாத் திறந்துவிட்டா மாடிக்குத் தண்ணி ஏறுமா? அப்படித்தான். அழுத்தம் விழுந்து இதயத்துக்கே ரத்தம் போகாது."

தன்னுடைய பொடி வெறும் வேர்தான் என்று நம்பித்தான் குடித்தார். ஆனால் குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து காது சுட்டது. இஞ்சிக்கு அவ்வளவு வேகம் உண்டா?

"வாயத் திறங்க மாஸ். குழந்தையா நீங்க?"

சொன்னால் மானம் போகும், அதுவும் ஜுமாடி முன்னால். சொல்லாவிட்டால் உயிரே போகலாம்.

"வேண்டாம். நேத்து ஜாமு குடிச்சேன்."

"என்ன ஜாமு?"

"அந்த ஜாமு."

ஜுமாடியின் கை அந்தரத்தில் நின்றது. சுரத்மி மாத்திரையை டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பிரினை எடுத்து நீட்டினாள். "இத மெல்லுங்க. ரத்தம் உறையாம பாத்துக்கும். ஜாமுவோட இது சண்டை போடாது. பாக் ஜுமாடி, சுரண்டறதெல்லாம் வேண்டாம், உங்க காரை எடுங்க."

காரை ஓட்டியபடியே ஜுமாடி தாழ்ந்த குரலில் கேட்டார், "எந்தக் கடை மாஸ்?"

"பஸ் நிலையத்துல. பச்சைத் திரை போட்டது."

"எனக்கும் பிரஷர் மாத்திரை இருக்கு," என்றார் ஜுமாடி.

"சேர்ந்தே போனீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் சுரத்மி பின்சீட்டிலிருந்து.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதே வெள்ளை மாத்திரையோடு வந்தாள். மர்வோத்தோ மறுபடி சொல்லக் கூசித் தலை குனிந்தார். சுரத்மிக்குக் கூச்சமில்லை. எந்த ஜாமு, எப்போது குடித்தது என்று அறையே கேட்கச் சொன்னாள். டாக்டர் அந்த மாத்திரையைத் திருப்பி அனுப்பினார். வலிக்கு ஊசியும், இதயத் துடிப்பை நிதானப்படுத்த வேறு மருந்தும் கொடுத்தார். "சொன்னீங்களே இபு, பெரிய உதவி," என்றார்.

இருட்டுவதற்குள் வலி இறங்கிவிட்டது.

"நன்றி," என்றார் மர்வோத்தோ. "கோபமா?"

"இல்லாம? யாருக்காகக் குடிச்சீங்க அத?"

"உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா? நீங்க பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டா எனக்குப் போதும். அதுவே தெருமுனை வரைக்கும் கேக்குது."

நெஞ்சு மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவர் மெதுவாகச் சிரித்துப் பார்த்தார். வலிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். அவள் எடுக்கவில்லை.