எழுபத்திரண்டு மணி நேர இரவல்

நான் சுட்டுப் புறா விழுவது அபூர்வம். தவறும்போதெல்லாம் என் நண்பன் ஹெட்லி சும்மா இருந்ததில்லை. "அந்தப் புறாவுக்கு ஒரு தும்மல் வந்திருக்கும், அவ்வளவுதான்" என்பான். கடுகு வயலோரம் புறாவுக்காகப் பதுங்கும் வலை மறைப்புக்குள் இருபது வருஷமாக இந்த ஏச்சு எனக்குப் பழக்கம்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது தோட்டாக்களை வானத்துக்குத் தானம் செய்தேன். ஹெட்லி வாயே திறக்கவில்லை. பொம்மைப் புறாக்களை நம்பி நிஜப் புறாக்கள் கூட்டமாக இறங்கின. அவன் துப்பாக்கி மடியிலேயே கிடந்தது. அந்த வாரம்தான் அவனுடைய நாற்பத்திமூன்று பசுக்களையும் காசநோய் என்று சொல்லி அரசாங்க ஆட்கள் கொல்வதற்காக லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். கன்று ஈனும் தறுவாயில் இருந்த ஏழு பசுக்களை மட்டும் லாரியில் ஏற்றாமல் முற்றத்திலேயே சுட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது ஹெட்லி.

கிளம்பும்போது பொம்மைப் பையை என் கையில் திணித்தான். "வச்சுக்கோ. எனக்கு இனிமே வேணாம்."

"அடுத்த வாரம்?"

"வச்சுக்கோன்னேன்ல."

பயம் வந்தால் என் வாயில் முதலில் வருவது பொய். "என் துப்பாக்கி விசை மக்கர் பண்ணுது. உன்னுது ரெண்டையும் இரவல் குடேன்."

"ஒண்ணை வச்சே நீ எதுவும் கிழிக்கல. ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு என் மச்சானுக்கு."

"உன் மச்சான் கோழிகூடத் தின்னமாட்டானே, கிளெம்."

தன் வீட்டுக்கு வந்ததும் ஹெட்லி உள்ளே போய் இரும்பு அலமாரியைத் திறந்தான். சாவி எங்கே இருக்கிறது என்று அவன் மனைவி நெஸ்டாவுக்கே தெரியாது. தெரியவும் கூடாது, சட்டம் அப்படி. இரண்டு துப்பாக்கிகளும் சமையலறை மேஜைக்கு வந்தன.

"சட்டப்படி மூணு நாள்தான் இரவல். செவ்வாய் சாயந்திரம் நாலு மணி. அதுக்கு மேல நீ வச்சிருந்தா போலீசுக்கு எழுதிப் போடணும்."

எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அவன் மனநிலை தெரிந்தால் துப்பாக்கி லைசென்ஸ் போகும். அதன்பிறகு அவன் என் முகத்தில் விழிக்கமாட்டான்.

நெஸ்டா கார் வரை வந்தாள். "என்ன சொல்லி வாங்கினீங்க?"

"பொய் சொன்னேன்."

"நல்லா சொன்னீங்களா?"

"கேவலமா."

"அப்பவும் குடுத்துட்டாரே." கையிலிருந்த பாத்திரத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய் இரண்டு மணிக்கு வெறுங்கையோடு போனேன். காலித் தொழுவத்தை ஹெட்லி கூட்டிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையை.

"எங்கே?"

"என் வீட்டுல. திருப்பித் தரமாட்டேன்."

"நாலு மணிக்கு மேல நீ குற்றவாளிடா."

"உள்ள போட்டா சாப்பாடாவது நேரத்துக்குக் கிடைக்கும்."

அவன் சிரிக்கவில்லை. நானும்தான். "பயமா இருக்கு, ஹெட்லி" என்றேன். இருபது வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் நேரான வாக்கியம்.

துடைப்பம் நின்றது. "எனக்கும்" என்றான்.

நெஸ்டா டாக்டரிடம் மூன்று பத்துக்கு நேரம் வாங்கி வைத்திருந்தாள். நான்தான் ஓட்டினேன். மருத்துவமனை வாசலில் அவன் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"உள்ளதைச் சொன்னா டாக்டர் போலீசுக்குத் தெரிவிப்பாரு. லைசென்ஸ் திரும்பி வராது. அதுல ஒண்ணு அப்பாவோட துப்பாக்கி."

"தெரியும்."

"நீயா இருந்தா சொல்லுவியா?"

"மாட்டேன். முதுகு வலின்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்துடுவேன்."

மணி மூன்று எட்டு. ஹெட்லி பெல்ட்டைக் கழற்றினான்.

நானும் கதவைத் திறந்தேன்.

"நீ இங்கயே இரு. நீ கூட வந்தா எனக்கும் முதுகு வலி வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனான்.