பன்னிரண்டாவது துண்டு

அன்று பின்னேரம் டொக்டர் பாஹிமின் அறையில் இருந்தவர்கள்: நோயாளி உதயரூபன், வயது ஐம்பத்திரண்டு, கரடியனாற்று விவசாயி. அவனுடைய மனைவி யசோதினி. அவளுடைய அண்ணன் யோகராசா, யாரும் கூப்பிடாமல் வந்தவன். கதவோரத்தில் தாதி நஸ்ஹா. மேசையில், சொப்பிங் பையிலிருந்து கொட்டிய உதயரூபனின் வயிறு, பதினொரு துண்டுகளாக.

வயிறு என்றால் படம். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல்லுக்கென்று எடுத்த சிடி ஸ்கேன். கல்லைத் தேடியவர்கள் கணையத்தில் ஒரு நீர்க்கட்டியையும் கண்டார்கள். அளவை எழுதாமல், அறிக்கையில் 'சிறியது' என்று மட்டும் போட்டுவிட்டார்கள். உதயரூபனுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. கல் போனதும் கட்டியை மறந்தான்.

போன மாதம் வயல்வட்டையில் கதிர் பால் பிடித்தபோது கிளிகள் இறங்கின. படம் வெயிலில் மினுங்கும், காற்றில் சடசடக்கும். பன்னிரண்டு துண்டாக வெட்டிக் கம்புகளில் கட்டினான். அவனுடைய ஈரலைக் கண்ட கிளிகள் திரும்பிப் பார்க்காமல் பறந்தன.

பிறகு வயிறு நொந்தது. எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார்கள். அந்தப் புதுப் படம் இப்போது டொக்டரின் வெளிச்சப் பலகையில் தொங்கியது.

"பத்தொன்பது மில்லிமீற்றர்," என்றார் டொக்டர். "சுவர் மெல்லிசு, உள்ளுக்குத் திரட்சி இல்ல, பக்கத்துக் குழாயும் வீங்கல்ல. நல்லம். ஆனா இது அப்பவும் இந்த அளவா, இல்ல வளந்து வந்த அளவா? வளந்திருந்தா கொழும்புக்கு அனுப்போணும். வாயால கமெரா விட்டு, ஊசியால நீர் எடுத்துப் பாக்கோணும். மறுகா ஒப்பரேசனும் வரலாம்."

"பெரிய ஒப்பரேசனா டொக்டர்?" என்று கேட்டாள் யசோதினி.

"பெரிசுதான்."

பழைய படத்தை எடுத்த இடத்தில், கணினியில் இருந்த பதிவை அழித்துவிட்டார்கள். மிச்சம் இந்தத் துண்டுகள்தான். டொக்டர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்தார். நுரையீரலின் அடி வந்தது. ஈரல் வந்தது. சிறுநீரகம் இரண்டும் வந்தன. நடுவில் ஒரு துண்டுக்கு இடம் வெறுமையாக இருந்தது.

"கணையம் எங்க?"

"வட்டை முழுக்கத் தேடிட்டம். காத்து கொண்டு போயிற்று போல," என்றான் உதயரூபன்.

"மனிசர் தன்ட குடலைக் கழட்டிக் கிளிக்குக் காட்டினவர், டொக்டர்," என்றாள் யசோதினி. குரலில் கோபத்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தது.

உதயரூபன் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முழப் பிளாஸ்டிக்கை நம்பி உயிர் நிற்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், கிளிகளுக்கு வயலையே எழுதிக் கொடுத்திருப்பான்.

யோகராசா தொண்டையைச் செருமினான்.

"மச்சான், அது காத்துல போகல்ல."

"பின்ன?"

"என்ட வயல்ல நிக்குது."

உதயரூபன் கதிரையோடு அவன் பக்கம் திரும்பினான்.

"நீ படம் கட்டின நாளில இருந்து உன்ட கிளியெல்லாம் என்ட பக்கம்தான் வந்திச்சி. நான் என்ன செய்யிற? ஒண்டே ஒண்டுதான் எடுத்த."

"டேய், என்ட கணையத்தைக் களவெடுத்திருக்காய்!"

"கணையமெண்டு எனக்கு எப்பிடிடா தெரியும்? அதுதான் நல்லா மினுங்கிச்சி."

"உனக்கு வெக்கமில்லையா அண்ணே?"

"கிளிக்கு இருந்திச்சா?"

டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆறரைக்குப் பூட்டிருவம். ஓடுங்க."

யோகராசாவின் மோட்டார் சைக்கிள் ஆறு இருபத்தைந்துக்குத் திரும்பி வந்தது. சட்டைக்குள்ளிருந்து துண்டை எடுத்தான். சேறு, கயிறு, நடுவில் ஒரு கிளியின் எச்சம். நஸ்ஹா மூக்கைச் சுளித்துக்கொண்டு ஸ்பிரிட்டால் துடைத்தாள். டொக்டர் படத்தின் ஓரத்தில் அச்சாகியிருந்த அளவுகோட்டோடு வைத்துக் கட்டியை அளந்தார். மறுபடி அளந்தார்.

"பதினெட்டு."

"அப்ப ஒண்டு கூடிட்டா?"

"ரெண்டு வருசம், ரெண்டு மெசின், ஒரு மில்லிமீற்றர். இதை வளர்ச்சியெண்டு சொல்லேலா. ஊசியும் வேணாம், ஒப்பரேசனும் வேணாம். வருசத்துக்கொருக்காப் படம் எடுத்துப் பாப்பம்."

உதயரூபனுக்குக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யசோதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை வெளியே இழுத்துப் போனாள்.

பழையது, புதியது எல்லாவற்றையும் டொக்டர் அள்ளித் தன் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். "இது இனி என்னோட இரிக்கட்டும்."

யோகராசா அசையவில்லை. "டொக்டர், அந்தப் பன்னிரண்டாவது மட்டும்தானே உங்களுக்குத் தேவை? மத்தப் பதினொண்டையும் தந்தா, வயல் வெட்டுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு..."

நஸ்ஹா கதவைத் திறந்து பிடித்தாள். அவன் உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வாசலைத் தாண்டினான். "ரெண்டெண்டாலும் தாங்க!" என்றான் கடைசியாக. அதற்குள் கதவு சாத்தியாயிற்று. பூட்டுக்குள் திறப்பு இரண்டு தரம் திரும்பியது.