ரேடியேட்டர் சாமி

செல்லக்கண்ணுவின் லாரிக்குக் கொதிப்பு அதிகம். ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், மணப்பாறை போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கும். ரேடியேட்டர் மூடியைச் சாக்கு போட்டுத் திறந்தால் ஆவி பனை உயரத்துக்குச் சீறும். ஆறும்வரை குந்தியிருக்க வேண்டியதுதான். நின்று நின்று போனதில், காயாக ஏற்றியது பழமாக இறங்கியது. ஐம்பத்தொன்பதாம் வருஷக் கோடையில், பழுத்த தார்களை மணப்பாறை வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

அவன் நேரே பாலக்கரை மெக்கானிக் ரசூலிடம் போனான். ரசூல் அரைகுறை வேலை பார்க்கிறவரில்லை. மூடிக்கிடந்த ஓர் அரிசி மில்லின் இன்ஜினிலிருந்து, கதவு அகலத்துக்கு ஒரு ரேடியேட்டரைக் கழற்றி வந்தார். நாலு இறக்கை விசிறி போய் ஆறு இறக்கை விசிறி வந்தது. தொடைப் பருமனுக்கு ரப்பர் குழாய் வந்தது. எதுவும் பானெட்டுக்குள் அடங்கவில்லை. இரும்புச் சட்டம் அடித்து, லாரிக்கு முன்னால் இரண்டு முழம் தள்ளிப் பொருத்தினார். பீரோவை மாரோடு அணைத்துக்கொண்டு வீடு மாறுகிறவன் மாதிரி நின்றது லாரி.

இப்போது இன்ஜின் சூடாகவே மாட்டேன் என்றது. கரும்புகை விட்டு, சளி பிடித்தவன்போல இருமியது. குளிர்ச்சி மீறினாலும் வண்டி இழுக்காது என்று ரசூல் பெருமையோடு விளக்கினார். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு திரை கட்டச் சொன்னார். குளிர்ந்தால் மூட வேண்டும், சூடானால் திறக்க வேண்டும்.

திரைக்குச் செல்லக்கண்ணுவின் பெண்சாதி வேலம்மாளின் அரக்குச் சேலை போயிற்று. மஞ்சள் கரை போட்டது. கயிற்றின் நுனி கேபினுக்குள் வந்தது. அதை இழுக்கவும் விடவும் ஓர் ஆள் வேண்டுமென்றதும், என் சேலையை வேறு யாரும் தொட வேண்டாம் என்று வேலம்மாளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். செல்லக்கண்ணு சூடு காட்டும் முள்ளைப் பார்த்து "தொற" என்பான், "மூடு" என்பான். இரண்டாம் நாளே அவன் சொல்லுக்குக் காத்திராமல் இன்ஜின் சத்தத்தை வைத்தே அவள் இழுக்கத் தொடங்கினாள்.

அந்த வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தார் கொடுக்கப் போனார்கள். சித்திரை வீதியில் லாரி நின்றதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. லால்குடிப் பக்கத்திலிருந்து கோயிலுக்கு வந்தவர்கள் அவர்கள். கல்யாண வீட்டு ஐயங்கார் திரையைப் பார்த்துவிட்டு, "உள்ளே எழுந்தருளியிருக்கறது யாருப்பா?" என்று கேட்டார்.

"ரேடியேட்டர், சாமி" என்றான் செல்லக்கண்ணு.

அந்த நேரம் பார்த்து இன்ஜின் சூடாக, வேலம்மாள் கயிற்றை இழுத்தாள். அரக்குச் சேலை மெல்ல மேலே போயிற்று. உள்ளேயிருந்து லேசாக ஆவி வந்தது. லால்குடிக்காரர்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்த ஊர்ச் சாமி என்று ஒருத்தி கேட்டதற்கு, பாலக்கரையில் வைத்தது என்று செல்லக்கண்ணு உண்மையைத்தான் சொன்னான்.

சேதி பஸ்ஸேறி அவனுக்கு முன்னால் மணப்பாறை ரோட்டுக்குப் போய்விட்டது. ஊருக்கு ஊர் குடத்தோடு நின்றார்கள். சாமிக்கு உஷ்ணம் ஆகாதாம். இது வெறும் வண்டிச் சாமான் என்று அவன் சொல்லிப் பார்த்தான். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். லாரி ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை. இதில் தன் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ரசூலுக்குத்தான் வருத்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை யாரோ பால் ஊற்றிவிட்டார்கள். நாலு மைல் போவதற்குள் பால் திரிந்து குழாயெல்லாம் அடைத்து, லாரி பால்கோவா வாசத்தோடு நடுரோட்டில் நின்றது. ரசூல் வந்து கம்பி விட்டுக் குத்திக் குத்தி ஒரு வாளித் திப்பி எடுத்தார். அதிலே இரண்டு துளசி இலையும் இருந்தது. மறுநாள் முதல் வேலம்மாள் கேபினிலிருந்து தலையை நீட்டி, சாமிக்குத் தண்ணீர் மட்டும்தான் ஆகாரம், அதுவும் வடிகட்டியது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனாள். எல்லோரும் துணி கட்டி வடிகட்டினார்கள்.

வைகாசியில் கிணறுகள் வற்றின. மணப்பாறைக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் உண்டு. கேட்காரர் பெண்சாதி இருளாயி வழக்கம்போல ஒரு குடத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. அந்தக் குடத்துக்கு எவ்வளவு தூரம் நடந்தாளோ என்று நினைத்ததும் செல்லக்கண்ணுவுக்கு உடம்பு கூசிற்று. கீழே இறங்கி அவள் கையைத் தடுத்தான்.

"ஊத்தாதீங்கம்மா. இது சாமி இல்லீங்க. அரிசி மில்லுல கழட்டினது."

"தெரியுமே," என்றாள் இருளாயி. "அந்த மில்லுலதான் நான் நெல்லு அவிச்சேன். இதை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஊத்தறீங்க?"

"போன வருஷம் இதே கேட்டுல கொதிச்சுப்போய் நின்னீங்க. குடம் எடுத்துட்டு வாங்கடின்னு கூப்பிட்டேன், ஒருத்தி அசையல. சாமின்னதும் வராங்க. வரட்டுமேன்னு விட்டுட்டேன்."

செல்லக்கண்ணு வேலம்மாளைப் பார்த்தான். அவள் திரைச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நடைக்கு ஆறு தாரைக் குறைத்துக்கொண்டு, ஜீயபுரத்தில் இரண்டு பீப்பாய் காவேரித் தண்ணீர் ஏற்றினான். கேட்டில் இறக்கியதும் பெண்கள் வரிசையில் வந்து பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் போன பிறகு இருளாயி பீப்பாயிலிருந்து ஒரு குடம் மொண்டாள். துணி கட்டி வடிகட்டினாள். வேலம்மாள் திரையை இழுக்கும்வரை காத்திருந்து, அதை ரேடியேட்டரில் ஊற்றினாள்.