மூன்றாம் பலகைக்கு எத்தனை மதிப்பெண்?

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. 2005 மார்ச் மாதம், காந்தி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில், பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய என் கதை ஒன்றை நகல் எடுக்க நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் பரசுராமன் மெஷினின் மூடியைத் தூக்கினார். முன்னால் வந்துபோன யாரோ மறந்துவிட்ட தாள் ஒன்று கண்ணாடிமேல் குப்புறக் கிடந்தது.

"நகலை மட்டும் எடுத்துக்கினு அசலை வுட்டுட்டுப் போயிட்டாம்பா எவனோ" என்று அதை மேஜை ஓரமாகத் தள்ளினார். என் தாள்களை அடுக்கும்போது அதையும் சேர்த்து அடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுதுகிறவனுக்குக் கை நீளம்.

அது ஸ்னோபோர்டு ஒன்றைப் பனியில் ஓட்டிப் பார்த்துப் போட்ட மதிப்பெண் தாள். இரண்டு காலையும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டிக்கொண்டு பனிமலையில் வழுக்கி இறங்குவார்களே, அந்தப் பலகை. பத்துக் கட்டங்கள், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். 'இறுகிய பனியில் விளிம்புப் பிடிப்பு' என்ற கட்டத்தில் 9 என்று போட்டு, பக்கத்தில் 'மூன்று முறை விழுந்தேன், மூன்றும் என் தவறு' என்று எழுதியிருந்தது. பிறகு அந்த 9 அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததற்கு மேலே வேறு எண் இல்லை.

தாளில் பெயரும் இல்லை. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எவன் பனிப்பலகைக்கு மார்க் போடுகிறான்? தெரிந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தெரியாவிட்டால் எழுதியே தெரிந்துகொள்வது.

2.

முதல் தொடக்கம்: 'வெண்பட்டு விரித்ததுபோல் மலையெங்கும் பனி' (அடித்துவிட்டேன். காஞ்சிபுரத்துக்காரன் எதைப் பார்த்தாலும் பட்டு என்று எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நானே மூடிவிடுவேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'உச்சியில் நின்ற அழகியமணவாளனின் காலடியில் பனி நொறுங்கிய ஓசை, அது'

அது என்ன? எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த பனி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கிறது. ஐஸ் டிரே வராமல் கரண்டிக் காம்பால் குத்துவேன். பனியிலிருந்து கதையைத் தொடங்கும் தகுதி எனக்கு இல்லை. ஷெட்டிலிருந்து தொடங்குகிறேன். ஷெட் எனக்குத் தெரியும்.

3.

முசரவாக்கம் போகிற ரோட்டில் ஒரு ஃபைபர் கிளாஸ் ஷெட். பஸ் சீட்டும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற இடம். முதலாளி முனிரத்தினம் எங்கெங்கோ அலைந்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் பனிப்பலகைக்கு மாதிரி ஆர்டர் பிடித்து வந்தார். தடம் போட்ட சரிவு, தடமே இல்லாத புதுப்பனி, மரங்களுக்கு நடுவே உள்ள சந்து, எங்கேயும் ஓட்டலாம் என்கிற வகைப் பலகை. மூன்று செய்ய வேண்டும். செய்தவர்களே பனியில் ஓட்டி மதிப்பெண் அனுப்ப வேண்டும்.

"ஓட்டறதுக்கு ஆளுக்கு எங்கபா போறது?" என்று தலையில் கை வைத்தார் முனிரத்தினம்.

"நான் கத்துக்கறேன் சார்" என்றான் ஷெட்டின் எஞ்சினியர் அழகியமணவாளன்.

சின்ன காஞ்சிபுரத்துப் பையன். வயது இருபத்தொன்பது. பதினேழு வயதிலிருந்து வரதருக்குத் தோள் கொடுப்பவன், அதாவது உற்சவத்தில் பெருமாளின் வாகனத்தைச் சுமக்கிற ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவன். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு உண்டு. இரண்டு குளிர்காலம் வடக்கே போய் மலைச்சரிவில் கிடந்தான். முதல் நாள் அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பத்தாவது நாள் சிரிக்கவில்லை. முட்டியை மடக்கி, பாரத்தை இடுப்பில் வாங்கி, மேடு பள்ளத்தில் மேலுடம்பு ஆடாமல் போவதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.*

*(இதைப் படித்துவிட்டு என் மனைவி பூமா, "பல்லக்குத் தூக்கறவாளுக்கும் ஸ்னோபோர்டுக்கும் என்னன்னா சம்பந்தம்? ஒட்டவே இல்லை" என்றாள். ஒட்டாது என்று எனக்கும் பயம்தான். ஆனால் கதையின் முடிச்சே அங்கேதான் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

4.

தோள் கொடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். வாகனம் குலுங்கினால், எவனுக்குக் கால் இடறியதோ அவன் உடனே "அடியேன் கால்" என்று சொல்லிவிட வேண்டும். தண்டு வழுக்கியது, ரோட்டில் பள்ளம், முன்னால் போனவன் வேகமாக இழுத்தான் என்றெல்லாம் வாய் திறக்கக் கூடாது. தூக்குகிற பொருளின் மேல் குறை சொல்வது அபசாரம். பதினேழிலிருந்து இருபத்தொன்பது வரை ஒருவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது நாக்கில் இருக்காது, எலும்பில் ஊறிவிடும்.

இப்போது பனிக்குப் போகலாம். தைரியம் வந்துவிட்டது.

முதல் பலகையும் இரண்டாம் பலகையும் சொன்னபடி கேட்டன. மூன்றாம் பலகைதான் ராஜா. புதுப்பனியில் முன்மூக்கு புதையாமல் மிதந்தது; 8 போட்டான். மரங்களுக்கு நடுவே விரல்பக்க விளிம்பிலிருந்து குதிகால்பக்க விளிம்புக்கு நினைத்த மாத்திரத்தில் மாறியது, 9. மதியத்துக்கு மேல் கட்டி கட்டியாகிப்போன பனியில் முட்டிக்கு அதிர்ச்சி வராமல் தாங்கியது, 8. அவனுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

மறுநாள் காலை, இரவெல்லாம் இறுகிக் கல்லாகிப்போன சரிவில், வேகமெடுத்துக் குதிகால் பக்கம் சாய்ந்தான். பலகையின் பின்பாதி சட்டென்று விட்டுக்கொடுத்தது. உட்கார்ந்தபடியே இருபதடி வழுக்கிப் போனான். எழுந்தான். 'அடியேன் கால்.' மேலே ஏறி மறுபடி இறங்கினான். அதே இடம், அதே விழுகை. மூன்றாம் தடவை இடது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு ஊர் திரும்பி, ஷெட்டில் உட்கார்ந்து விளிம்புப் பிடிப்புக் கட்டத்தில் 9 என்று எழுதினான். பொய் சொல்லவில்லை. அவன் அப்படித்தான் நம்பினான்.

அந்தக் கட்டத்தில் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் பலகை அடுத்த சோதனைக்குப் போகும். இதைவிட இரண்டு மடங்கு செங்குத்தான உறைபனிச் சரிவு. ஓட்டப்போகிற ஆளின் பெயருக்குத் தாளின் கீழே ஒரு காலியிடம். கூரியர் சாயங்காலம் ஐந்தரைக்கு.

5.

இந்த இடத்தில் வடிவு வர வேண்டும். இவளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முப்பத்தைந்து வயது, முசரவாக்கத்துக்காரி, ஷெட்டில் கண்ணாடி இழைத் துணியை வெட்டி அச்சில் அடுக்குகிறவள். முதல் பிரதியில் அவள் ஒரு மூலையில் நின்று, 'கண்ணீர் வழிய' என்று எழுதத் தொடங்கினேன். பேனா ஓடவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது, இவள் அழுகிற ரகம் இல்லை. நான்தான் அழவைக்கப் பார்த்திருக்கிறேன்.

மணி நாலு. ஷெட் ஆபீஸின் டிவியில் மலையில் எடுத்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வடிவு டீ கிளாஸோடு பின்னால் நின்றாள்.

"சார், அத்த இன்னொரு தபா போடுங்க."

"நான் விழறதப் பாக்க அவ்வளவு ஆசையா அக்கா?"

"போடுங்க சார்."

போட்டான். மூன்று விழுகையும் ஓடி முடிந்தன.

"மூணு தபாவும் குதிகால் பக்கம், பின்னாடிதான் வழுக்கிக்கினு போவுது. காலு தப்புன்னா ஒருவாட்டி இப்டி, ஒருவாட்டி அப்டி வுழுவீங்க இல்ல?"

"நான் குதிகாலைச் சரியா அழுத்தலை. அவ்வளவுதான்."

"ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்ல வுழுந்தீங்களா?"

"இல்லை."

"அதே காலுதானே சார்?"

பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அழகியமணவாளனிடம் கேட்டதில்லை. கோபம்தான் முதலில் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தான். அப்புறம் அவள் சொன்னதைத் தனக்குள்ளே திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அதே கால்.

வடிவு கிளாஸை மேஜைமேல் வைத்தாள்.

"மூணாம் நம்பர் அடுக்கச் சொல்லோ துணி பத்தல சார். பின்னாடி குதிகால் பக்கம் ஒரு ஜாண் குறைஞ்சிபோச்சி. துண்டு வச்சி ஒட்டு போட்டேன். இழை சாய்வா வரணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. துண்டு சின்னதா இருந்திச்சி, நேரா வச்சிட்டேன். மேல பெயின்ட் அடிச்சா தெரியப்போறதில்லன்னு நெனச்சேன்."

இழை சாய்ந்திருந்தால்தான் பலகை முறுக்கத்தைத் தாங்கும். நேராக இருந்தால் அந்த இடம் முறுக்கிக்கொள்ளும், விளிம்பு பனியை விட்டுவிடும். அவன் எஞ்சினியர், அவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகத்தான் சொன்னேன்.

"அக்கா, இதை எழுதினா ஒட்டுப் போட்டது யாருன்னு கேப்பா."

"கேப்பாங்க."

"வேலை போயிடும்."

"போவட்டும்னு நான் சொல்ல மாட்டேன் சார். ரெண்டு புள்ளைங்க இருக்குது, வேல வேணும். ஆனா அத்த காலுல கட்டிக்கினு எவனோ ஒருத்தன் அங்க எறங்கப் போறான் இல்ல? உங்களுக்குக் கையோட போச்சி." பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள். "எழுதுங்க."

அவன் 9ஐ அடித்தான். என்ன எண் போடுவது, ஒட்டைப் பற்றி எழுதுவதா, எழுதினால் யார் பெயரில் என்று யோசித்தபடியே, முதலில் இதற்கு ஒரு நகல் வேண்டும் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். காந்தி ரோட்டுக்கு.

6.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவன் மனம் மாறி 9ஐயே திரும்பப் போடுகிறான். வைகாசிக் கருட சேவையில் காய்ப்புத் தோளோடு நிற்கிறான். நாலு பக்கம் உருகி உருகி எழுதிவிட்டுக் கிழித்தேன். பணிவு என்று பெயர் வைத்து இன்னொருவனின் முதுகெலும்பைக் கூரியரில் அனுப்புகிற கதை அது.

இரண்டு: 3 போடுகிறான். முனிரத்தினம் நெகிழ்ந்துபோய் வடிவுக்குச் சூப்பர்வைசர் வேலை கொடுக்கிறார். இதை எழுதியபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்று: 3 போடுகிறான். வடிவுக்கு வேலை போகிறது. மறுவாரம் அவள் மாகறல் பஸ்ஸில் ஏறி வேறொரு ஷெட்டுக்கு

(போதும். இதற்குமேல் என்னால் முடியவில்லை. அவளை எழுந்து நின்று பேச வைத்ததே நான். நானே எப்படி வெளியே அனுப்புவது?)

7.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மாவுக்கட்டு நான் கற்பனை செய்தது இல்லை.

ஜெராக்ஸ் எடுத்த மறுநாள் அந்தக் கடைப்பக்கம் போனேன். பரசுராமன் கூப்பிட்டார். "நேத்து கெடந்த தாளு எங்கபா? இடது கையில மாவுக்கட்டு போட்ட ஆளு ஒருத்தரு வந்து ரெண்டு தபா கேட்டுக்கினு போனாரு. நகல்ல பாதிதான் வுழுந்திருக்குதாம், அசலு இல்லாட்டி வேலைக்கு ஆவாதாம். மொகமே செத்துப்போச்சி பாவம். நீ எடுத்தியா?"

தாள் அப்போது என் பையில் இருந்தது. கதையும் பாதி பிறந்துவிட்டிருந்தது.

"தெரியாதே" என்றேன்.

அவர் தாளில் தன் தவறு என்று எழுதிய மூன்று விழுகையும் அவர் தவறில்லை என்று இத்தனை பக்கம் வாதாடினேன். என் ஒரு தவறுக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்திருக்கிறது. அடியேன் கை. இப்போது சொல்லிவிட்டேன். இந்தக் கதையை முடிக்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

8.

ஆனாலும் முடிவு என்னிடம் இல்லை. தாள் இருக்கிறது. அதை இனி நான் வைத்துக்கொள்ளப்போவதில்லை, நீங்கள் பிடியுங்கள்.

9 அடிக்கப்பட்டிருக்கிறது. மேலே எண் இல்லை. 5 போடலாமா, எதற்கும் ஒரு 7 போட்டு வடிவைக் காப்பாற்றலாமா என்று உங்கள் மனது இந்நேரம் கணக்குப் போட்டிருக்கும். என் மனதும் போட்டது.

அவசரப்படாதீர்கள். முதலில் தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள். அடுத்த சோதனையில் ஓட்டப்போகிறவரின் பெயருக்கு விட்ட இடம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டு ஆள் ஒருவரின் பெயரை, உங்கள் கையெழுத்திலேயே, முழுதாக அங்கே எழுதுங்கள்.

எழுதிவிட்டீர்களா? இப்போது மதிப்பெண் போடுங்கள்.