யாருகிட்ட போவ

விடுமுறைக் காலம் என்றால் ஊரே சும்மா இருக்கிற காலம் என்று நினைப்பு. ஊர் சும்மா இருக்க வேண்டுமென்றால் எவளாவது ஒருத்தி இடுப்பொடிய வேலை செய்தாக வேண்டும். பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு அது தெரியும். அறை அறையாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் புரண்டு எழுந்த பெட்ஷீட், கால் துடைத்த துண்டு, குழம்பு கொட்டின மேஜைத்துணி எல்லாம் வண்டி வண்டியாக அடித்தளத்துக்கு வந்து குவியும். லீவு என்று வாயைத் திறந்தால், போவதென்றால் ஒரேயடியாகப் போ என்பான் சூப்பர்வைசர்.

அந்த வருஷம் அவளுக்கு இன்னொரு இடி. பிள்ளைக் காப்பகம் நடத்துகிற அம்மாள், தானும் மனுஷிதான், தனக்கும் சொந்தபந்தம் உண்டு என்று கதவில் பூட்டைத் தொங்கவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் மாமனார் இருந்தார். இடுப்பில் கம்பி வைத்த உடம்பு. நாற்காலியில் இருந்தபடி நாட்டாமை பண்ணத் தெம்பு உண்டு, பிள்ளை பின்னால் ஓட இல்லை. புருஷன் தூரத்து பஸ் ஓட்டுகிறவன். லீவு நாளில் பஸ் இரண்டு மடங்கு ஓடும், அவன் வீட்டில் தங்குவது பாதியாகக் குறையும்.

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்து கொஞ்சம் ஆகியிருந்தது. உருண்டை என்று கூப்பிடுவார்கள். அந்த வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு யானையைக் குளிப்பாட்டிவிட்டுப் போகலாம். ஒரு காலில் கால்சட்டையை மாட்டினால் மறு காலை உருவிக்கொண்டு ஓடும். பாலைக் குடி என்றால் டம்ளருக்குள் கையை விட்டு அலசும். ஒரு செருப்பு வாசலில் கிடக்கும், ஜோடி தண்ணீர் வாளிக்குள் மிதக்கும். ஊட்டின முட்டையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, அவள் வேலைச் சட்டையை மாட்டினதும் அதன்மேல் துப்பும். அடித்தால் அழும். அழுதால் தூக்க வேண்டும். தூக்கினால் இறக்கிவிட முடியாது.

இந்தக் கோலத்தில்தான் நாத்தனார் வந்து இறங்கினாள். புருஷனுக்கு அக்கா. டைல்ஸ் கடை வைத்திருக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டு வேறு ஊரில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷம், வயிறு திறக்கவில்லை. கடைக்காரரும் கூடவே வந்தார். லீவு முடிகிறவரை இருப்போம் என்றார்கள்.

உதவி என்று வருகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இவள் பார்க்கவில்லை. தலைவலி விட்டது என்று பிள்ளையை இடுப்பிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு கழுவின பாத்திரம் மாதிரி இருந்தது. இரண்டு செருப்பும் வாசலில் ஜோடியாக இருந்தன. பிள்ளை தலை சீவி, பவுடர் பூசி, நாத்தனாரின் வயிற்றின்மேல் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எச்சில் ஒழுகி அவள் சேலையை நனைத்திருந்தது. அவள் அசையாமல் கிடந்தாள். அசைந்தால் எழுந்துவிடுமாம்.

சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். இவளுக்கு அடிவயிறு எரிந்தது. இவள் மேல் படுத்து அது தூங்கி நாளாகிவிட்டது. கிடத்தித் தட்டி, தூங்கித் தொலை என்று பல்லைக் கடிக்கத்தான் இவளுக்கு நேரம் இருந்தது.

நாலு நாள் போனது. இவள் கதவைத் திறந்தால் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் விளையாட்டைப் பார்க்கும். தூக்கப் போனால், "வேணாம், அத்த" என்று கையைத் தட்டும். சின்னப் பிள்ளைக்கு நன்றி என்ன தெரியும்? சோறு எங்கே சூடாக இருக்கிறதோ அங்கே போகும்.

சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு வரைக்கும் உருண்டை தங்களிடம் இருக்கட்டுமே என்றார். வீட்டிலே இடம் கிடக்கிறது, என் வீட்டுக்காரியும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறீர்கள் என்று அடுக்கினார். பேச்செல்லாம் நியாயமாக இருந்தது. நியாயமாகப் பேசுகிறவன்தான் அடிமடியில் கை வைப்பான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த புருஷன் தட்டைப் பார்த்தபடி, "பார்க்கலாம் மாமா" என்றான். பஸ்ஸில் நூறு பேர் உயிரைக் கையில் வைத்து ஓட்டுகிறவன், வீட்டில் ஒரு முடிவு எடுக்கத் தெரியாதவன்.

இவள் மட்டும் வாயைத் திறந்தாள். பிள்ளை தன்னை விட்டு இருக்காது என்றாள்.

மாமனார் சிரித்தார். "இருக்குமா இருக்காதான்னு நீ ஏன்மா சொல்ற? அதையே கேட்டுட்டா போச்சு."

உடனே பிள்ளையைக் கூடத்து நடுவில் நிறுத்தினார்கள். எல்லா வீட்டிலும் விளையாடுகிற விளையாட்டுதான். ஒரு மூலையில் அம்மா, மறு மூலையில் அத்தை. யாருகிட்ட போவ, யாருகிட்ட போவ என்று நடுவிலிருந்து கைதட்டுவார்கள். பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் ஒருத்தி மூஞ்சி செத்துப்போகும், அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். சூதாட்டம் பாவம் என்று சொல்கிற குடும்பத்திலும் இதை ஆடுவார்கள்.

உருண்டை இரண்டு பக்கமும் பார்க்கக்கூட இல்லை. குடுகுடுவென்று அத்தை முழங்காலில் போய் மோதியது.

எல்லாரும் கைதட்டினார்கள். இவளும் தட்டினாள், பல் தெரியச் சிரித்துக்கொண்டே. நாத்தனார், "சும்மா விளையாட்டுக்குத்தான், மனசுல வெச்சுக்காதே" என்றாள். சொன்னவள், அள்ளித் தூக்கின பிள்ளையை இறக்கிவிடவில்லை. சரி, கிளம்புகிற அன்றைக்கு இன்னொரு தரம் கேட்போம், அன்றைக்கும் அத்தை பக்கம் போனால் பெட்டியோடு ஏற்றி அனுப்புவோம் என்று மாமனார் தீர்ப்பை எழுதிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் யாரும் மீறினது கிடையாது.

மறுநாள் காலையில் பிள்ளையைக் கை மாற்றுகிறபோது அது இவள் இடுப்பிலிருந்தே அத்தை பக்கம் தாவியது. இன்னும் இவள் கை விடவில்லை, அதற்குள் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கால்சட்டைக்கு அடியில் தொடை, இவள் விரலுக்குள் இருந்தது. ஈர பெட்ஷீட்டை நாளெல்லாம் இழுத்துப் பிடிக்கிற விரல். எப்படி நடந்தது என்று இவளைக் கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். கிள்ளினாள்.

பிள்ளை வீல் என்று கத்தியது. நாத்தனார் பதறிப்போய் மேலும் இறுக்கிப் பிடித்தாள். அது முறுக்கிக்கொண்டு அம்மா பக்கம் சாய்ந்தது. இவள் வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். "என்னடா கண்ணு, அத்தை கிள்ளிட்டாங்களா? அத்தை கிள்ளிட்டாங்களா?" என்று கொஞ்சினாள். நாத்தனாரும் சிரித்து, "ஆமா, அத்தை பொல்லாதவ" என்று கூடச் சேர்ந்து கொஞ்சினாள். பாவம், தன் வாயாலேயே சொல்லிக்கொண்டாள்.

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். அதைச் சொல்கிறவர்கள் கலகக்காரனைத்தான் நினைப்பார்கள். பெற்றவளே இரண்டு வேலையையும் செய்வாள் என்று யாரும் நினைப்பதில்லை.

முதல் தரம் கை தானாகப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த தரம் இவள்தான் கையைக் கொண்டுபோனாள். காலையில் கொடுக்கும்போது ஒன்று. சாயங்காலம் வாங்கி, முகம் கழுவிவிட்டு, அண்ணி இவனைக் கொஞ்சம் பிடிங்க என்று திரும்பக் கொடுக்கும்போது ஒன்று. எப்போதும் கை மாறுகிற அந்தக் கணத்தில், நாலு கையும் கலந்திருக்கிறபோது. அப்புறம் அதே கேள்வி, அதே கொஞ்சல். குளிப்பாட்டித் துணி மாற்றுகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள். அண்ணி பகலெல்லாம் மெனக்கெடுகிறீர்கள், இதையாவது நான் செய்கிறேன் என்றாள். நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

உருண்டை மாறியது. அத்தை கை நீட்டினாலே உதடு பிதுங்கும். தூக்கினால் விறைக்கும். பகலில் அவளிடம் இருந்தது, ஆனால் கைக்கெட்டாத தூரத்தில், நாற்காலிக்கு அடியில். கால்சட்டை நனைந்தால்கூட அவளைத் தொட விடாது. தன் உடம்பில் ஏதோ குத்துகிறது போலிருக்கிறது என்று அவள் முதலில் வளையலைக் கழற்றினாள். அப்புறம் சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். அப்புறம் வாசலில் உட்கார்ந்து பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டினாள். சுண்டுவிரலில் ரத்தம் கசிந்தது. வேலை முடிந்து வந்த இவள் அதைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

"என்ன அண்ணி, நகத்தையெல்லாம் எடுத்துட்டீங்க?"

"தெரியல. ஏதோ அவனுக்கு ஒத்துக்கல."

இவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இரக்கம் வந்ததா என்றால் வந்தது. வயிறு நிறைந்தவனுக்கு வருகிற அளவுக்கு வந்தது.

கிளம்புகிற நாள் மத்தியானம். பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. பிள்ளையின் துணியையும் தனிப் பையில் மடித்து நாத்தனார் அதன்மேல் வைத்திருந்தாள். மாமனார் நாற்காலியைக் கூடத்துக்கு இழுக்கச் சொன்னார். புருஷன் உருண்டையை நடுவில் நிறுத்தினான். நாத்தனார் மண்டியிட்டு, வெறும் கையை நீட்டி, "வாடா ராஜா" என்றாள். 

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது. பின்வாங்கி, அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடி அவள் இரண்டு காலுக்கும் நடுவில் முகத்தைப் புதைத்தது.

இந்தத் தரம் யாரும் கைதட்டவில்லை. ஜெயித்தவள் அங்கேயே நிறுத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். நெஞ்சு நிறைந்துபோய்ப் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கினாள். கால்சட்டை மேலேறித் தொடை தெரிந்தது. பச்சையும் நீலமுமாக, பழுத்ததும் பழுக்காததுமாக, நாவல்பழம் நசுங்கின மாதிரி.

மாமனாருக்கு இடுப்புதான் போயிற்று, கண் போகவில்லை. "அது என்ன?" என்றார்.

 அவர் பிள்ளையைக் கிட்டே வாங்கி அந்த இடத்தைத் தொட்டார். "யாருடா? யார் கிள்ளினா?"

"அத்த கிள்ளி" என்றது பிள்ளை.

நாயைப் பார்த்தும் பூனை என்கிற வயது. ஓதினதைத் திருப்பிச் சொல்கிற வாய். ஆனால் பிள்ளை வாயில் பொய் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்கு மேல் அந்த வீட்டில் சாட்சி தேவைப்படவில்லை.

"நானா?" என்றாள் நாத்தனார். கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. அப்பாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான். கடைசியில் இவளிடம் வந்தாள். "நீயாவது சொல்லு. நான் அவனைக் கிள்ளியிருப்பேனா?"

பிள்ளை இவள் தோளுக்குத் திரும்பியிருந்தது. இவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கென்ன தெரியும் அண்ணி. நான் வேலைக்குப் போயிட்டேன்."

கடைக்காரர் பெட்டியைத் தூக்கினார். பிள்ளையின் துணிப்பையைக் காலால் ஒதுக்கிவிட்டார். ஊரில் அண்டை அயலில் எல்லாம் சொல்லிவைத்திருந்தார், பிள்ளையோடு வருவேன் என்று. அந்த வயிற்றெரிச்சலை எங்கே கொட்டுவார்? மனைவியைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். "கடவுள் தெரிஞ்சுதான்டி உனக்குக் குடுக்கல."

அவள் அழவில்லை. செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, ஒன்றைப் பிள்ளை எங்கேயோ தூக்கிப் போட்டிருந்தது. அவர் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அவள் கிடைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய் ஏறினாள்.

லீவு முடிந்தது அவர்களுக்குத்தான். விடுதியில் கூட்டம் அப்படியே இருந்தது, காப்பகத்துப் பூட்டும் அப்படியே தொங்கியது. மறுநாள் காலையில், மதியம் வரை கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாமனாரிடம் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தன்னால் முடியாது என்றார். புருஷன் விடியுமுன்பே பஸ் எடுக்கப் போய்விட்டான். வேறு வழியில்லை. சூப்பர்வைசர் வருவதற்குள் எங்கேயாவது ஒளித்துக்கொள்ளலாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்கே போனாள்.

அங்கே துணி மடிக்கிற கிழவி ஒருத்தி. ஐந்து பெற்று மூன்றைக் காப்பாற்றினவள். துணி தள்ளுகிற காலி வண்டியில் துண்டுகளைப் பரப்பி மெத்தை பண்ணி, "கொடு இப்படி, நான் பார்த்துக்கறேன்" என்று கை நீட்டினாள்.

இவள் கொடுத்தாள். இன்றைக்குக் கிள்ளவில்லை, கிள்ள ஒரு காரணமும் இல்லை. ஆனால் கை மாறுகிறபோதே உருண்டை மூச்சைப் பிடித்துக்கொண்டது. புது ஆளின் முகத்தை அது பார்க்கவே இல்லை. கழுத்தை வளைத்துக் கீழே, தன் தொடைக்கு அடியில் இருந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தது. அந்த விரல்கள் விலகிப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தது. விலகினதும் அந்தக் கிழவியின் மார்பில் முகத்தை வைத்து ஒட்டிக்கொண்டது.

மடிக்கிறவள் பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் இவள் கையைப் பார்த்தாள்.

"ஏண்டி, இவன் என்னைப் பார்த்துப் பயப்படலையே" என்றாள்.

இவள் இஸ்திரி எந்திரத்தின் சுவிட்சைப் போட்டாள். உருளை சூடேற ஆரம்பித்தது. முதல் பெட்ஷீட்டின் இரண்டு முனையையும் பிடித்து உதறி, விறைக்க இழுத்து உள்ளே கொடுத்தாள்.

"கொடு அவனை" என்றாள், திரும்பாமலே.

"இருக்கட்டும்" என்றாள் மடிக்கிறவள். "நீ உன் வேலையைப் பாரு."