முனிசாமி மனைவி வெள்ளையம்மாள்

“கையெழுத்து போடறதுக்கு இன்னா நைனா, கை நோவுதா?” என்று அன்பரசன் கத்திய கத்தலில், வாசலில் காயப்போட்டிருந்த புளியை மோந்துகொண்டிருந்த நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

“கை நோவலடா. நீ கேக்கறதுதான் நோவுது” என்றார் தசரதன். போன மாதம் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதிலிருந்து அவருக்குப் பேச்சு குழறும். கோபம் வந்தால் மட்டும் ஓர் எழுத்துகூடப் பிசகாது.

“ஆஸ்பத்திரியில படுத்துக்கினு கெடந்தப்ப யாரு ஓடி வந்தா? நானு, ராஜி. நாங்கதான?”

“ஓடி வந்தீங்க. ஆர்லிக்ஸ் பாட்டிலு வெச்சிட்டு ஓடியும் போய்ட்டீங்க. பீத்துணி கசக்கினது யாரு?”

அதற்குப் பதில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளையம்மாள் கொதிக்காத டீயை மூன்றாவது தடவையாகக் கிளறினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ரஞ்சிதம் ஒரே புடவையை மூன்றாவது தடவையாக உதறிக் காயப்போட்டாள். மலையடிவாரத்து அமிர்திப் பக்கம் இந்த மாதிரிச் சண்டை அடிக்கடி கிடைப்பதில்லை.

அன்பரசன் கையிலிருந்த காகிதத்துக்கு தான செட்டில்மென்ட் பத்திரம் என்று பெயர். தசரதன் பேரிலிருக்கும் வீடும், கிணற்றோடு ஒன்றே முக்கால் ஏக்கர் நிலமும் மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே அவர்களுடையது. அப்பன் சொந்த வீட்டில் விருந்தாளி.

“நான் பூட்டா இவ எங்கடா போவா?” என்றார் தசரதன்.

“அந்தம்மாவ நாங்க பாத்துக்க மாட்டமா நைனா?” என்றாள் மகள் ராஜேஸ்வரி.

வெள்ளையம்மாள் கரண்டியை வைத்துவிட்டாள். ஊருக்குப் போகும்போது புளியும் கொள்ளும் கட்டித் தரச்சொல்லிக் கேட்டால் அவள் ‘சின்னம்மா’. நிலம் என்று பேச்சு வந்தால் ‘அந்தம்மா’. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

“வெள்ளிக்கிழம கார் எடுத்துக்கினு வர்றேன். பத்திர ஆபீசுல டோக்கன் போட்டாச்சு. குளிச்சிட்டு ரெடியா இரு” என்று சொல்லிவிட்டு அன்பரசன் டீகூடக் குடிக்காமல் கிளம்பினான். ராஜேஸ்வரி குடித்தாள். இரண்டு படி புளியும் எடுத்துக்கொண்டாள்.

தசரதன் முப்பது வருஷம் மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மேலே நெல்லிவாசல்நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த வெள்ளையம்மாளோ, குடகுக்கு மிளகு பறிக்கப் போய்த் திரும்பாத முனிசாமிக்காக ஐந்து வருஷம் காத்திருந்தவள். ஜீப்பில் வந்துபோன இடத்தில் பழக்கம். எந்த வளைவில் பேச்சு தொடங்கியது என்பது பற்றி ஊரில் மூன்று விதமான தகவல்கள் உண்டு. மூன்றும் ரஞ்சிதம் சொன்னவைதான்.

திருட்டுத்தனமாக ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசி, பெண்ணுக்குக் கொடுத்த பரியத்தைத் திருப்பிக் கொடுத்து, துரும்பு கிள்ளிப் போட்டால் பழைய கட்டு அறுந்தது. துரும்பைப் புருஷன்தான் கிள்ள வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாததால் அவனுடைய அண்ணன் கிள்ளினான். அண்ணன் கிள்ளினால் என்ன, தம்பி கிள்ளினால் என்ன, துரும்பு துரும்புதானே என்று ஊர் சொல்லிவிட்டது. தசரதன் ஒரு புடவை கொடுத்தார். அவள் அதைக் கட்டிக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து இறங்கி வந்தாள். அவ்வளவுதான் கல்யாணம்.

திங்கட்கிழமை காலையிலேயே அவரை எழுப்பிச் சட்டை மாட்டி பஸ் ஏற்றிக்கொண்டு போனாள். பத்திர ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில் பத்திரம் எழுதும் கோகுலகிருஷ்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

“செட்டில்மென்ட்டுன்னா கையெழுத்து போட்டதும் அவங்களுது. உயில்னா நீங்க கீற வரைக்கும் உங்களுதுங்க. நாளைக்கு மனசு மாறுனா மாத்தியும் எழுதலாம். நெலத்த புள்ளைங்களுக்கு எழுதுங்க. வூட்ட அம்மா ஆயுசு பூரா இருந்து அனுபவிக்கட்டும், அப்பால புள்ளைங்களுக்குன்னு எழுதுங்க. நீங்களா சம்பாதிச்சதுதான? யாரு கேட்டாலும் நிக்கும்.”

வெள்ளையம்மாளுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. அது எத்தனை நேரம்? அவளுடைய ஆதாரை வாங்கிக் கோகுலகிருஷ்ணன் உரக்கப் படிக்கும் வரைக்கும்.

“முனிசாமி மனைவி வெள்ளையம்மாள்.”

“யார்யா அது முனிசாமி?” என்றார் தசரதன், வாழ்நாளில் கேள்விப்படாத பேரைப் போல.

“அட்டையில அப்டித்தாங்க கீது.”

பழைய ஓட்டர் அட்டையைப் பார்த்து எவனோ அடித்துக் கொடுத்தது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் நம்பரைப் பார்த்தார்களே தவிர, பேரை யாரும் வாய்விட்டுப் படித்ததில்லை.

“அதெல்லாம் வாணாம். நீ எழுது. என் மனைவி வெள்ளையம்மாளுக்கு...”

கோகுலகிருஷ்ணன் தட்டச்சை நிறுத்தினான். “மனைவின்னு போடறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்குதுங்களா?”

“துரும்பு கிள்ளியாச்சு. ஊர்ல கேளு.”

“ஊர்ல யார கேக்கறது?”

தசரதன் விரல் விட்டார். உட்கார்ந்த ஐந்து பேரில் மூன்று பேர் சுடுகாட்டில். ஒருவருக்குக் காது கேட்காது. மிச்சம் ஒருவன் முனிசாமியின் அண்ணன்.

“பெரியவரே, உங்க வழக்கம் கோர்ட்டுலயும் செல்லும். ஆனா நிரூபிக்கணும். மனைவின்னு எழுதினீங்கன்னா, உங்க பையன் அந்த ஒரு வார்த்தைய புடிச்சிக்கினு பத்து வருஷம் இஸ்துக்கினு போவாரு. அம்மா பேர மட்டும் போட்டா அவருக்குப் புடிக்க ஒண்ணுமே இல்ல. உயில யாருக்கு வேணா எழுதலாங்க.”

“எங்கப்பன் பேரு ரங்கன்” என்றாள் வெள்ளையம்மாள் சட்டென்று. “ரங்கன் மகள்னு போடு சாமி.”

“இருவத்திரண்டு வருசம் என்கூட குடித்தனம் பண்ணவள ரங்கன் பொண்ணுன்னு எழுதணுமா? நான் இன்னா உன்ன வாடகைக்கா வெச்சிக்கினு இருந்தேன்?”

“எனக்கு வார்த்த வாணாம்யா. வூடு வேணும்.”

“மனைவின்னு எழுதறதா இருந்தா எழுது. இல்லன்னா கையெழுத்து இல்ல.” எழுந்து நடந்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின்னால், இவள் கடைசி சீட்டில். சண்டை போட்ட புதுமாப்பிள்ளையும் பெண்ணும் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை வெள்ளையம்மாளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலை மூன்று தடவை பெருக்கினாள். புளியங்கொட்டையைத் தட்ட உட்கார்ந்து, பாதியில் எழுந்து, இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கித் துலக்கினாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்க்கும்போது, இது யாருடையது, நாளைக்கு இதைக் கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. நெல்லிவாசலில் அவளுக்கு வீடில்லை. அப்பன் வீட்டில் சுவரே இல்லை. உள்ளே தசரதன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்டால் பேசியதாகிவிடுமே.

சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் ரஞ்சிதம் வந்தாள். அவள் வீட்டில் எல்லாருக்கும் சர்க்கரை வியாதி.

“இன்னாக்கா, பத்திரமெல்லாம் ஆச்சா?”

வெள்ளையம்மாள் சொல்லித் தொலைத்தாள்.

“தோ, இதுக்குப் போயி! அந்த முனிசாமியையே இட்டாந்து எதுர்ல நிக்க வெச்சி கிள்ளச் சொல்லேன்” என்று சிரித்தாள் ரஞ்சிதம்.

கிண்டலுக்குத்தான் சொன்னாள். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வெள்ளையம்மாள் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ரஞ்சிதமே ஓடிப்போய்த் தசரதனை எழுப்பினாள்.

“எங்கமே போற?” என்று தசரதன் பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை.

“முனிசாமிய இட்டாரப் போறேன். அவன் கிள்ளட்டும். அப்பால நீ மனைவின்னு எழுது, மகாராணின்னு எழுது.”

“அவன் என் வூட்டுப் படி ஏறனா...”

“பழயசோறு சட்டியில கீது. மாத்திர அலமாரில கீது” என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

பஸ் மாறி, ஷேர் ஜீப்பில் முட்டி இடிக்க உட்கார்ந்து, மிச்சத்தை நடந்து அவள் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. முனிசாமியின் அண்ணன் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தான்.

“உன் தம்பி எங்க கீறான்?” என்றாள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல்.

“எங்க கீறானா? அவன் போய்ச் சேந்து ஆறு வருசமாவுதே. குடகுலயே மஞ்சக்காமாலை. நாங்க போய்த்தான் தூக்கிக்கினு வந்தோம்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“உனக்கு எதுக்குச் சொல்லணும்? துரும்பு கிள்ளினப்புறம் உனக்கும் அவனுக்கும் இன்னா சம்பந்தம்?”

அவன் கேட்டது முழுக்க நியாயம். ஊர்க் கணக்கில் அவள் இருபத்திரண்டு வருஷமாக முனிசாமிக்கு யாரும் இல்லை. அட்டைக் கணக்கில் ஆறு வருஷமாக விதவை. அவளோ அது தெரியாமல் நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு ரேஷன் வாங்கியிருக்கிறாள்.

பட்டாவில் பேர் மாற்றுவதற்காக வாங்கிய இறப்புச் சான்றிதழ் அவன் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அதில் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அழுகை வருமா என்று இறங்கும் வழியெல்லாம் பார்த்தாள். மூச்சுதான் வாங்கியது. மிளகு மூட்டையோடு தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மீசை ஞாபகம் வந்தது, முகம் வரவில்லை.

சாயங்காலம் பஸ் நின்றபோது தசரதன் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதான் என்று ரஞ்சிதம் பிறகு சொன்னாள். வெளுத்துத் தேய்த்த வேட்டி, கையில் தடி. சண்டைக்கான தடியா, நடப்பதற்கான தடியா என்பது தெரியவில்லை.

“எங்க அவன்?”

“செத்துட்டானாம். ஆறு வருசமாச்சாம்.”

தசரதன் தடியைக் காலடியில் வைத்தார். “பாவம்” என்றார். பிறகு, “அப்டின்னா நாளைக்கே உனக்குத் தாலி கட்றேன்.”

“தாலி எங்கயும் ஓடிப்பூடாது. நாளைக்கு உயிலு. ரங்கன் பொண்ணுன்னு.”

“கட்டிட்டு எழுதறனே.”

“கட்றதுக்கு ஆதார் மாத்தணும், நாள் பாக்கணும், நாலு ஆபீசுக்கு நடக்கணும். அதுக்குள்ள உனக்கு இந்தப் பக்கமும் வாய் இஸ்துக்கினா நான் எங்கய்யா போறது?”

அவர் அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு பவுன் கம்மல்கூட. இப்போது கேட்டபோது முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ரங்கன் நல்ல மனுசன்தான்” என்றார் தசரதன். “ஒரு தடவ ஜீப்புக்குக் காசு குடுக்காம எறங்கிப் போய்ட்டான். மத்தபடி நல்ல மனுசன்.”

வியாழக்கிழமை உயில் எழுதியாயிற்று. சுயநினைவோடுதான் இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சீட்டு. சாட்சிக்கு எழுபது வயதுப் பங்காளியைக் கூப்பிடப் போனவரைக் கோகுலகிருஷ்ணன் தடுத்தான். “உங்களுக்கு முன்னாடி அவரு பூட்டா யாரு வந்து சாட்சி சொல்றதுங்க? வயசுல சின்னவங்களா இட்டாங்க.” ரஞ்சிதம் நான் நான் என்று முந்திக்கொண்டு மகனோடு வந்தாள். உயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை, அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் போதும் என்று தெரிந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. தசரதன் சொன்னபடி குளித்து ரெடியாக இருந்தார். ஏறத்தான் இல்லை. விஷயத்தைச் சொன்னார். அன்பரசன் குதித்தான். ராஜேஸ்வரி மட்டும், “நெலத்துல எனக்குப் பாதி அப்டியேதான?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வூட்ட அந்தம்மாவுக்கு எழுதிட்டியா?”

“எழுதலடா. இருக்கச் சொல்லியிருக்கேன். அவளுக்கு அப்பால உங்க ரெண்டு பேருக்குந்தான்.”

“அப்பாலன்னா எப்ப?”

அடுப்படியிலிருந்து வெள்ளையம்மாள் டீயோடு வந்து அவன் எதிரே வைத்தாள். “அத நான் எப்டி அன்பு சொல்றது?” என்றாள்.

அவன் அன்றும் டீ குடிக்கவில்லை.

வைகாசியில், ஆதாரெல்லாம் ரங்கன் பேருக்கு மாறி வந்தபின், கோயிலில் தாலி கட்டி அன்றைக்கே பதிவும் செய்தார்கள். மாப்பிள்ளைக்கு எழுபத்து மூன்று, பெண்ணுக்கு அறுபத்தொன்று. முனிசாமியின் அண்ணன் மலையிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு வந்து இரண்டு பந்தி சாப்பிட்டான். ராஜேஸ்வரி புருஷனோடு வந்து புடவை வைத்துக் கொடுத்து, போகும்போது புளியும் வாங்கிக்கொண்டாள். அன்பரசன் வரவில்லை. அவன் வேலூரில் வைத்திருந்த கடையை மூடிவிட்டு ஓசூருக்குக் குடிபோய்விட்டான். எப்போதாவது போன் செய்து அப்பாவின் உடம்பை விசாரிக்கிறான், மறக்காமல் சின்னம்மாவின் உடம்பையும். ஆவணியில் ரஞ்சிதத்தின் மகனுக்கு ஆம்பூரில் பெண் எடுத்தார்கள். ரஞ்சிதமும் அவனோடு அங்கேயே போய்விட்டதால், அதற்குப் பிறகு தசரதன் வீட்டுச் சேதி எதுவும் சரியாகத் தெரிவதில்லை.