வேலிக்கம்பியில் சிவப்பு நாடா

அவுஸ்திரேலியா சுஜீவாவுக்குத் தந்த முதல் பதவி ஒரு மஞ்சள் தொப்பி. படகில் வந்து பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் இழுபடுகிறவளுக்கு அதுவும் பெரிய காரியந்தான். ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில், சலாட் இலை கழுவிப் பொதி செய்யும் தொழிற்சாலையில், ஆபத்து மணி அடித்தால் இருபத்திரண்டு பேரை வெளியே கூட்டிப்போவது அவள் பொறுப்பு. அந்தத் தொப்பியை வேறு யாரும் தொட விடமாட்டாள்.

அவளோடு ஒரே மேசையில் நின்று இலை பொறுக்குகிறவள் கலீனா, ஐம்பத்தெட்டு வயது ரஷ்யாக்காரி. ஊர் எதுவென்று கேட்டால் "வொல்கா ஆற்றுப் பக்கம்" என்பாள். அதற்குமேல் வாய்க்குப் பூட்டு. கதவுக்கு எதிரே வேலிக்கம்பியில் அவள் ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தாள். மேற்பார்வையாளர் ஸ்ரீகாந்த், சென்னைக்காரர், இரண்டு முறை அதை அவிழ்த்து எறிந்தார். மூன்றாம் முறையும் கட்டினாள்.

"வேண்டுதலா சுஜீவா? இது ஃபேக்டரி, கோயில் மரமில்ல. உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லி வைங்க."

சுஜீவா சொல்லவில்லை. தேநீர் இடைவேளையில் காரணம் கேட்டாள். கலீனா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். அவள் வளர்ந்தது இராணுவத்தின் மூடிய நகரம். சுற்றிவர முள்வேலி, வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காது. பக்கத்து வெளியில் நச்சுவாயு சோதிப்பார்கள். வீட்டுப் படி இறங்குமுன் வேலியில் கட்டிய நாடாவில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்ப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஊரின் பெயரை மட்டும் அவள் சொல்லவில்லை. பதினேழு வயதில், இதையெல்லாம் வெளியே பேசுவதில்லையென்று கையெழுத்து வைத்தவளாம். யாரிடமும் சொல்வதில்லையென்று சுஜீவாவும் வாக்குக் கொடுத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, குளோரின் தொட்டிக்குள் யாரோ அமிலத்தை ஊற்றிவிட்டார்கள். மஞ்சள் பச்சையாகப் புகை கிளம்ப, மணி அடித்தது. விதிப்படி எல்லோரும் பின்பக்கக் கார் தரிப்பிடத்தில் கூடவேண்டும். தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்த சுஜீவா நாடாவைப் பார்த்தாள். அது கார் தரிப்பிடத்தை நோக்கி விறைத்து நின்றது; புகையும் அந்தப் பக்கந்தான் போகும். தெரிந்த ஆங்கிலம், தெரியாத ஆங்கிலம் எல்லாவற்றிலும் கத்தி, இருபத்திரண்டு பேரையும் முன் கேற்றால் வீதிக்கு இழுத்துப்போனாள். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. விதிப்படி பின்பக்கம் போன அலுவலகக்காரர் ஆறுபேர், ஸ்ரீகாந்த் உட்பட, இருமி இருமி ஆம்புலன்ஸில் ஏறினார்கள்.

ஆனால் நல்லதுக்குக் காலமில்லை. பின்பக்கக் கூடுமிடத்தில் காணாத இருபத்திரண்டு பேரைத் தேடித் தீயணைப்பு வீரர் ஒருவர் புகைக்குள் இறங்கியிருந்தார். அடுத்த வாரம் விசாரணை. தொப்பி மட்டுமல்ல, வேலையே போகும் என்று கதை அடிபட்டது. அவளுடைய விசாவைப் பார்த்தால் வேறு எவரும் இலேசில் வேலை கொடுக்கமாட்டார்கள்.

"விதியை மீற என்ன காரணம்?" என்று கேட்டாள் தலைமை அலுவலகத்துப் பெண்.

"காற்றைப் பார்த்தேன். நாடா காட்டியது."

"ஒரு நாடாவை நம்பியா?"

சுஜீவா வாயை மூடிக்கொண்டாள். வேலை போனால் போகட்டும்; கொடுத்த வாக்கை மீற அவளுக்கு மனம் வரவில்லை. சாட்சியாக வந்திருந்த கலீனா எழுந்து நின்றாள்.

"நான் லிபோவ்கா-12 ஊரவள்," என்றாள். சொன்னபிறகு ஒரு கணம் மூச்சு வாங்கினாள். "எங்கள் ஊர் வாசலைத் திறந்து ஆறு வருடம். என் வாய் திறக்க இன்றுவரை ஆகிவிட்டது. ஒருநாள் அங்கே காற்றுத் திரும்பியது. பொறுப்பதிகாரி நாடாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மேலிடத்துக் கட்டளைக்குக் காத்திருந்தார். என் அண்ணன் வயலில் நின்றான்." சுஜீவாவைக் காட்டினாள். "இவள் காத்திருக்கவில்லை."

சுஜீவாவுக்குக் கண் கலங்கியது. கூடவே, தலை நிமிர்ந்தது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் அவளுக்காக ஒருவர் எழுந்து நின்றது இதுதான் முதல்தடவை.

திங்கட்கிழமை அவள் தொப்பியோடுதான் வேலைக்கு வந்தாள். முன் கேற்றுப் பக்கம் இரண்டாவது கூடுமிடத்துக்குப் புதுப் பலகை நட்டிருந்தார்கள். வேலியடியில் ஸ்ரீகாந்த், இன்னும் கம்மிய தொண்டையோடு, புதுச் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"முடிச்சு சரியா இருக்கா சுஜீவா?"

"ஓம். இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ, வேண்டுதல் பலிக்கோணுமெல்லே."